முதலையின் பல் வெளியே வந்த கதை

விலங்குகள் வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், முதலைக்கு நெருங்கிய இனமான அலிகேட்டரும் முதலையும் ஒரே சதுப்பில் வாழ்ந்த அக்காள் தங்கை. அலிகேட்டர்தான் அக்காள் மாடத்தி; முதலை, தங்கை சுடலி. இருவருக்கும் ஒரே முகம், ஒரே பல்வரிசை. அவர்களுடைய சதுப்பில் நல்ல தண்ணீர். அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு மட்டும் இருந்தது.

மாடத்தி கோரையும் சேறும் குவித்துக் கூடு கட்டி முட்டையிட்டாள். சுடலிக்கு அவ்வளவு பொறுமை ஏது? மணல்மேட்டிலேயே குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டாள்.

"ஏட்டி, அந்தப் பக்கம் கடலு கெடக்கு. அங்கயா தோண்டுவ?"

"மணலு நல்லா சுடுதுக்கா. சீக்கிரம் பொரிஞ்சிரும்."

முதலைக் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தே தாயைக் கூப்பிடும். ஒரு காலையில் அந்தக் குரல் கேட்டதும் சுடலிக்குத் தலைகால் புரியவில்லை. பரபரவென்று தோண்டினாள். குஞ்சுகள் வந்தன, பின்னாலேயே கடலும் வந்தது. மேடு உடைந்து உப்புத் தண்ணீர் சதுப்புக்குள் பாய்ந்தது. அதைக் குடித்தால் பச்சைக் குஞ்சுகள் பிழைக்காது. முன்பே பொரிந்திருந்த மாடத்தியின் குஞ்சுகளும் அங்கேதான் நீந்திக்கொண்டிருந்தன.

"யக்கா, எம் புள்ளயளையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரு!"

அலறியபடியே சுடலி, கரையில் விழுந்து கிடந்த பனைமரத்தைக் கடித்து இழுத்து, உடைப்பின் குறுக்கே போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வரலியாட்டி?"

"நா விட்டா மரம் போயிரும். மரம் போனா எல்லாம் போயிரும். நீ போ!"

மாடத்தி இருவருடைய நாற்பது குஞ்சுகளையும் ஒரே வாயில் அள்ளினாள். தாடை அகன்று விரிந்தது. ஒரு சொட்டு உப்புநீரும் புகாதபடி பற்களை உள்ளடக்கி வாயை இறுக மூடிக்கொண்டு, மேட்டு நிலத்து ஏரிக்கு நடந்தாள்.

மூன்று நாள். அலை அறைந்து அறைந்து சுடலியின் முகம் ஒடுங்கிப்போயிற்று. பக்கத்துக்கு ஒன்றாகக் கீழ்ப்பற்கள் இரண்டு வெளியே பிதுங்கின. விழுங்கிய உப்பையெல்லாம் நாக்கு வழியே கசியவிட்டாள். என்ன நெஞ்சுரம் அவளுக்கு! தப்புச் செய்துவிட்டு நழுவுகிறவர்களைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம்.

மாடத்தி திரும்பி வந்தாள். "நாப்பதும் பத்திரமா இருக்குட்டி. மரத்த விடு, போவோம்."

சுடலி வாயை மூடிப் பார்த்தாள். அந்த இரண்டு பற்களும் உள்ளே போகவில்லை.

"நீ போக்கா. இந்த உடைப்ப யாராவது பாத்துக்கிடணும்லா? எனக்கு உப்பு பழகிட்டு. எம் புள்ளயள் வளந்ததும் அனுப்பி வையி."

அன்று முதல்தான் அலிகேட்டர் அகன்ற வாய்க்குள் பல்லை மறைத்துக்கொண்டு நல்ல தண்ணீரில் இருக்கிறது. முதலையோ ஒடுங்கிய முகத்தோடு கழிமுகம்வரை போய் உப்புநீரிலும் வாழ்கிறது. வாயை மூடினாலும் அந்தக் கீழ்ப்பற்கள், பிடியை விட மனமில்லாததுபோல், வெளியேதான் நிற்கின்றன.