நெஞ்சில் ஏறிய கடல்

அந்தக் காலத்தில், நண்டும் கடலும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு நேரம் காலம் கிடையாது. நினைத்தால் ஏறும், நினைத்தால் இறங்கும்.

சீனக் கடற்கரை ஊர் ஒன்றில் யூஷியா என்றொரு பெண் இருந்தாள். கடல் வற்றியதும் சேற்றில் இறங்கிச் சிப்பி கொத்துவது அவள் தொழில். கால் புதையாமலிருக்க, ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி மறுகாலால் உந்திக்கொண்டு போவார்கள். யூஷியா மகா நிதானக்காரி. குழம்புக்கு உப்புப் போடக்கூட இரண்டு முறை யோசிப்பாள்.

ஒருநாள் அவளும் தங்கை பெய்யுனும் வெகுதூரம் போய்விட்டார்கள். அங்கே பெய்யுனின் பலகை உடைந்து, அவள் இடுப்புவரை சேற்றில் புதைந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்தா கடலுக்கு ஆசை வர வேண்டும்? தூரத்தில் தண்ணீர் எழுந்து வந்தது.

நண்டு ஓடிவந்தது. "உன் பலகை ஒரு ஆளைத்தான் தாங்கும். நீயாவது தப்பிச்சுப் போ."

"போ அக்கா," என்றாள் பெய்யுன்.

"சும்மா இரு." யூஷியா நகரவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் கடலிடம் கேட்டாள்: "இப்போ எதுக்கு வர்றே?"

"எனக்கே தெரியாது. திடீர்னு உள்ளே ஒரு துடிப்பு. அது இருக்கிறவரைக்கும் என்னால நிற்க முடியாது."

"அதை நான் வாங்கிக்கிட்டா?"

கடல் தயங்கியது. "நான் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவேன். ஆனா உன் நெஞ்சு இப்போ இருக்கிற என்னை மாதிரி ஆயிடும். அது உன்னோட நிக்காது, மனுஷங்க எல்லாருக்கும் பரவும். யோசிச்சுச் சொல்லு."

உப்புக்கு இரண்டு முறை யோசிப்பவள் இதற்கு ஒரு முறைகூட யோசிக்கவில்லை. இரு கையாலும் அள்ளிக் குடித்தாள்.

ரத்தம் குப்பென்று நெஞ்சுக்கு ஏறியது. கடல் நின்றது, பிறகு பின்வாங்கியது. யூஷியா வெறுங்கையால் சேற்றைத் தோண்டித் தங்கையை வெளியே இழுத்தாள். அவளைப் பலகையில் ஏற்றி, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்தாள். பாதி வழியில் திடீரென்று உரக்கப் பாடத் தொடங்கினாள்.

"என்னக்கா ஆச்சு உனக்கு?"

"தெரியலை. தோணிச்சு."

அன்று முதல்தான் கடல் நேரம் தவறாமல் ஏறி இறங்குகிறது, மனிதருக்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. யாராவது திடீரென்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினால், "நெஞ்சு ரத்தத்தில் கடல் ஏறிவிட்டது" என்று சீனர்கள் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் மட்டும் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்கள். அந்தக் கிறுக்கை யூஷியா வாங்கிக்கொண்டதால்தானே பெய்யுன் வீடு திரும்பினாள்.