பலவேசம் அறிவு வளர்த்த நாற்பது நாள்

ஊமத்தங்குளத்தில் அப்போது நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். அறிவில்லாதவர் ஒருவர்கூடக் கிடையாது. வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள், நூற்றுப் பதினேழு பேரும் அதையேதான் சொல்வார்கள்.

அவர்களில் பலவேசத்துக்கு மாமன் மகள் இசக்கியம்மாள் மேல் உயிர். பெண் கேட்டுப் போனான்.

மாமா ஊர்க்காவலன் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "மாப்ளே, எம்மவ எட்டாப்பு படிச்சவ. நீ கொஞ்சம் அறிவ வளத்துக்கிடணும். தெனமும் புதுசா ஒரு விஷயம் கத்துக்க. ஒன்னையவிட அறிவாளி ஒருத்தன்கூடத் தெனமும் பேசு. நாப்பதாம் நாள் வாறேன். தேறியிருந்தா பொண்ணு ஒனக்கு."

ஒரு விஷயம் என்றால் ஒன்றுதான். இரண்டாவது ஒன்று தலைக்குள் புகுந்துவிட்டால் பெண் கைநழுவிப் போய்விடுமே என்று பலவேசத்துக்குப் பயம்.

முதல் நாள் விடியற்காலையிலேயே எழுந்து, சேவலுக்குப் பல் இல்லை என்று கற்றுக்கொண்டான். அன்றைய பாடம் முடிந்தது. சற்று நேரத்தில் அவன் கூட்டாளி சொரிமுத்து ஓடிவந்தான்.

"ஏலே பலவேசம், ஒம் மாடு..."

பலவேசம் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "சொல்லாதலே! இன்னைக்கு ஒண்ணு ஆயிட்டு. நாளைக்கு வா."

"அவசரம்லே!"

"அவசரம்னா மொத ஆளா வா."

சொரிமுத்துவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் தப்பில்லாமல் சொல்ல வேண்டுமே என்று தன் கடலை வயலுக்குத் திரும்பிப் போய், பலவேசத்தின் மாடு அதை மேய்வதைச் சாயங்காலம்வரை வரப்பில் உட்கார்ந்து பார்த்தான். மாடு கடலையில் இறங்கியது பலவேசத்துக்கு இரண்டாம் நாள் பாடம். எட்டுப் பாத்தி காலி என்பது மூன்றாம் நாள் பாடம். நான்காம் நாள் அவன் கயிற்றோடு புறப்பட்டபோது, மேய ஒன்றும் மிச்சமில்லாமல் மாடே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அறிவாளியோடு பேசுவதில்தான் பெரிய சிக்கல். பலவேசமும் சொரிமுத்தும் இன்னொரு கூட்டாளி மாசானமும் அரசமரத்தடியில் கூடினார்கள்.

"என்னையவிட அறிவாளி இந்த ஊருல யாருலே?" என்றான் பலவேசம்.

"நான் இருக்கம்லா!" என்றான் சொரிமுத்து.

"எட்டுப் பாத்தி போறதைப் பாத்துக்கிட்டிருந்தவனா?"

"சும்மா பாக்கல. எண்ணிக்கிட்டிருந்தேன்."

மத்தியானம்வரை தர்க்கம் ஓடியது. மாசானத்துக்குப் பசி. "சண்டை எதுக்குலே? நாந்தான் முட்டாள். போதுமா? சோத்துக்குப் போவோம்."

இருவரும் திகைத்துப் போனார்கள்.

"இத்தனை வருசத்துல ஊருல ஒருத்தனுக்கும் தெரியாததை இவன் கண்டுபிடிச்சிருக்கான் பாரு," என்றான் பலவேசம். "அப்ப இவந்தாம்லே அறிவாளி!"

அன்றிலிருந்து பலவேசம் தினமும் மாசானத்தோடு பேசினான். மாசானம் இல்லை இல்லை என்று மறுத்தான். மறுக்க மறுக்க அவன் மதிப்பு கூடிக்கொண்டே போனது.

நாற்பதாம் நாள் மாமா மகளோடு வந்து சேர்ந்தார்.

"தேறிட்டியா மாப்ளே?"

"தேறிட்டேன் மாமா. நாப்பது நாளு, நாப்பது விஷயம். ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல. தெனமும் அறிவாளிகூடப் பேச்சு. இந்தா நிக்கான் பாருங்க."

மாமா மாசானத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் ஒன்னையவிட அறிவாளியா?"

"சத்தியமா மாமா!"

"அப்படின்னா எம்மவள எதுக்கு ஒனக்குக் கொடுக்கணும்?"

ஏதோ புது விஷயம் வருகிறது என்று தெரிந்ததும் பலவேசம் காதைப் பொத்திக்கொண்டான். அன்றைய பாடம்தான் காலையிலேயே முடிந்துவிட்டதே.

இசக்கியம்மாள் இருவரையும் பார்த்தாள். "இந்த ரெண்டு பேர்ல ஒருத்தன்தான்னா, காதைத் தொறந்து வச்சிருக்கவனையே கட்டிக்கிடுதேன்பா."

அதிலிருந்து எட்டாம் நாள் கல்யாணம். மணமேடையில் மாசானம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். பலவேசம் புது வேட்டி கட்டி, பந்தியில் ஓடி ஓடிச் சாம்பார் ஊற்றினான். சொரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏலே, ஒனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு வருத்தம்? இசக்கிக்குக் கல்யாணம்னு நேத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். பந்தியில ரெண்டு பாயசம்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். மாப்பிள்ளை யாருன்னு நாளைக்குத்தாம்லே தெரியும்," என்ற பலவேசம், வேட்டியில் சாம்பார் தெறிக்காமல் வாளியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். "நானாக்கூட இருக்கலாம்."