பந்தலுக்கு மேலே அருந்ததி

"வானத்துல ஒரு தொலைநோக்கியைப் பறக்கவிட இத்தனை கோடியாம்மா?"

உட்கார்ந்ததும் தெய்வசிகாமணி கேட்டது இதைத்தான்.

அவர் எம்.பி. விண்வெளித் தொலைநோக்கிக்கு அரசுப் பணம் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவில் ஒருவர். திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. கூடாது என்றுதான் கை தூக்கப்போகிறார். அது சரிதான் என்று நல்லவர் ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் தெம்பாக இருக்கும் என்று குன்றேறி வந்திருந்தார்.

பூரணி அம்மை அவருடைய மகளைவிட இளையவர். குன்றின்மேல் மடம் நடத்துகிறார். அடிவாரத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பாடமும் சொல்லித்தருகிறார். ஊரில் பாதிப் பேர் அவரைக் குரு என்பார்கள். மீதிப் பேர் வாய்த்துடுக்கு என்பார்கள். இரண்டுமே உண்மைதான்.

எம்.பி. தன் நியாயத்தைச் சொன்னார். தொகுதி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஒழுகுகிறது. போன மழையில் பச்சைக் குழந்தைக்குக் குடை பிடித்து நின்றவர்களை அவரே பார்த்திருக்கிறார். அதை அவர் சொன்னது மேடைக் குரலில் இல்லை.

"நாட்டுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க?"

"உங்க மீசை நல்லாத்தானுங்க இருக்கு," என்றார் அம்மை. "கூழை விட்டுட்டீங்களா?"

எம்.பி.யின் மனைவி அமிர்தவல்லி சிரித்துவிட்டார்.

அவர் வந்தது வேறு காரியத்துக்கு. கல்யாணத்தன்று அம்மி மிதித்து முடித்ததும், புரோகிதர் பந்தலைக் காட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். பட்டப்பகல். மேலே தென்னங்கீற்று. எல்லாப் பெண்களையும் போல அவரும் தெரிகிறது என்று தலையாட்டிவைத்தார்.

இப்போது அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். முழுதும் இருட்டுவதற்குள் அருந்ததியை ஒருமுறை உள்ளபடியே பார்த்துவிட வேண்டும். அதுதான் அவருடைய பிடிவாதம்.

"பார்க்காம இறங்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டார்.

பொழுது சாய்ந்து இருட்டியது. வடக்கே சப்தரிஷிகள் ஏழு பேரும் வந்து சேர்ந்தார்கள். பட்டம் போன்ற அந்த வரிசையின் வாலில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர், அவரை ஒட்டி மினுங்குகிற சின்னப் புள்ளிதான் அருந்ததி என்று அம்மை விரல் நீட்டினார்.

எம்.பி.க்குத் தெரிந்தது.

அமிர்தவல்லிக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்.

"தெரியுதுன்னு சொல்லிடு, அமிர்தம். போலாம்."

"ஒருக்கா சொன்னது போதுங்க."

எம்.பி.க்கு வெட்கமாகிவிட்டது. பாவமாகவும் இருந்தது. போன தடவை வந்தபோது மடத்துப் பிள்ளைகள் ஒரு சின்னத் தொலைநோக்கியை மொய்த்துக்கொண்டு நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அதைக் கொஞ்சம் எடுங்கம்மா. அதுல இவளுக்குத் தெரியும்."

"வித்தாச்சுங்க."

"ஏன்?"

"சாப்பாட்டுக் கூடம் ஒழுகுச்சு. பசிக்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் எதுக்குன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க. சரின்னு வித்து ஓடு மாத்தினோம். இப்ப ஒரு சொட்டு ஒழுகறதில்லை."

எம்.பி. திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். நல்ல ஓடுதான்.

அமிர்தவல்லி இன்னும் வடக்கே துழாவிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் கிணறு வத்திடுச்சுங்க," என்றார் அம்மை. "அடுத்து எதை விக்கலாம், சொல்லுங்க."