அமைச்சர் வயிற்றில் நாலு விரல்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும் என்பதால் ஏதோ ஒரு நாட்டில், மகுடவர்மன் என்றோர் அரசன் இருந்தான். அவன் தினமும் காலையில் சபையில் பாடுவான். கண்களை இறுக மூடிக்கொண்டு பாடுவான். அந்த நாட்டுக்குப் பஞ்சம் வந்ததில்லை, படையெடுப்பு வந்ததில்லை, இது ஒன்றுதான்.

அவன் சபையில் மருதப்பன் என்று ஒரு விகடன். நாக்கில் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மை அவன் உளியிலும். மரத்துண்டு ஒன்று கிடைத்தால் போதும், ஆளைக் கேலிப் பொம்மையாக்கிவிடுவான். அரண்மனைச் சமையற்காரனுக்குக் கரண்டியை விட நீளமாக நாக்கு வைத்தான். ஒற்றர் தலைவனுக்கு முறம் போலக் காது வைத்தான். ஊரே சிரித்தது. ஒற்றர் தலைவனுக்கு மட்டும் அந்தச் செய்தி கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் அரசனுக்கு ஓர் ஆசை பிறந்தது.

"மருதப்பா! நம் சபையை அப்படியே மரத்தில் செதுக்கு. எல்லாம் ஆளுயரப் பொம்மைகள். நடுவில் நாம். பார்த்த உடனே நாம் சிரிக்க வேண்டும்."

உடனே அமைச்சர் குலசிகாமணி எழுந்தார். தாம் வாயைத் திறந்தால் கொட்டாவி விடும் அரசர், இவன் வாயைத் திறந்தால் சிரிக்கிறாரே என்ற எரிச்சல் ஏழு வருடமாக அவர் நெஞ்சில் அணையாமல் இருந்தது.

"அருமையான யோசனை, அரசே. ஆனால் மூக்கை முழ நீளத்துக்கு இழுத்துச் சிரிப்பு மூட்ட யாராலும் முடியும். உள்ளதை உள்ளபடி செதுக்கிச் சிரிக்க வைக்கட்டுமே! பொம்மையும் ஆளும் ஒரு நூல் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பிசகினால்..."

"பிசகினால்?"

"ஊரார் மூக்கோடு விளையாடுகிறவன். அவன் மூக்கை எடுத்துவிடலாம்."

அரசர்களுக்கு அடுத்தவர் மூக்கு அவ்வளவு முக்கியமாகப் படுவதில்லை. "நல்லது. நாற்பது நாள் தவணை. பொம்மையும் ஆளும் ஒத்திருக்க வேண்டும். இது ஆணை!" என்றான் மகுடவர்மன்.

வீட்டில் மருதப்பன் சேதியைச் சொன்னான். மனைவி செண்பகவல்லி முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மூக்குப் போனா குறட்டையும் போயிருமா?"

"அடிப்பாவி! இது சிரிக்கிற விஷயமா?"

"சிரிக்க வைக்கத்தானே சொல்லியிருக்காங்க. போய் வேலையப் பாருங்க."

மருதப்பன் வேலையைப் பார்த்தான். சபையில் ஒவ்வொருவர் உடம்பிலும் நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு அளவெடுத்தான். தினமும் அரசன் பாடும் நேரத்தில் தூணோரம் நின்று எல்லார் முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டான். வாகை மரம் வெட்டி வந்து உளியை எடுத்தான்.

அமைச்சரும் சும்மா இருக்கவில்லை. அளவு கொடுத்த மறுநாளே விரதம் தொடங்கினார். பத்து நாள் கஞ்சித் தண்ணீர். வயிறு இரண்டு விரல் இறங்கியது. பொம்மை பெரிது, ஆள் சிறிது. மூக்கு நம்முடையது என்று துள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

மருதப்பன் அவர் இடுப்பில் நூலைச் சுற்றிப் பார்த்தான். பிறகு பொம்மையின் வயிற்றில் உளியை வைத்து, கொட்டாப்புளியால் நாலு தட்டுத் தட்டி, இரண்டு விரல் கனத்துக்குச் சீவி எறிந்தான்.

"இன்னும் இளைத்தாலும் சொல்லுங்கள் ஐயா. மரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். கூட்டத்தான் முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவனுக்குப் பட்டது. அமைச்சர் சிரித்துக்கொண்டே போனார். பசித்த மனிதர் அப்படிச் சிரித்தால் அது நல்லதற்கல்ல.

அன்றிலிருந்து அமைச்சர் வீட்டு அடுப்பு அணையவில்லை. நெய்ச்சோறு, வடை, பால்கொழுக்கட்டை. கேட்டவர்களிடம், "நாட்டுக்காகச் சாப்பிடுகிறேன்" என்றார்.

நாற்பதாம் நாள் வந்தது. சபை நிரம்பியது. அமைச்சரை இரண்டு பேர் தாங்கி அழைத்து வந்தார்கள். மருதப்பன் அவரைப் பார்த்தான். தன் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டான். இனி மரத்தை ஒட்ட வைக்கவா முடியும்?

திரை விலகியது.

நடுவில் மர அரசன் கண்ணை மூடி, வாயைப் பிளந்து பாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மரச் சேனாதிபதி, போரில் ஒருநாளும் காட்டாத வேகத்தில் காதில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். அரசவைப் புலவர் 'ஆகா' என்று வாயைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மர அமைச்சர் மடியில் ஒளித்த அதிரசத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் மூக்கு நீளவில்லை, காது பெருக்கவில்லை. எல்லாம் உள்ளது உள்ளபடி.

அரசன் ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். சேனாதிபதி மெல்லக் காதுப் பஞ்சை எடுத்து விழுங்கிவிட்டார்.

"பத்து வருடமாக இப்படியா?" என்றான் அரசன்.

"தாங்கள் கண்ணைத் திறந்ததில்லை அரசே" என்றான் மருதப்பன்.

மகுடவர்மன் இன்னொரு முறை புலவரின் வாயைப் பார்த்தான். தோள் குலுங்கியது. பிறகு அரியணையே குலுங்கியது. அப்படி ஒரு சிரிப்பு!

"அரசே!" அமைச்சர் குறுக்கிட்டார். "சிரிப்பு இருக்கட்டும். அளவு?"

பொம்மையின் வயிற்றில் நூல் சுற்றி அளவாக அறுத்தார்கள். அதே நூலை அமைச்சர் வயிற்றில் சுற்றினார்கள். முனைகள் ஒன்றையொன்று தொடவில்லை. நாலு விரல் இடைவெளி.

"பிசகிவிட்டது!" என்று அமைச்சர் ஏப்பத்தோடு சொன்னார். "சேனாதிபதி, கத்தி!"

மருதப்பன் கைகூப்பினான். "அரசே, தங்கள் ஆணை என்ன?"

"பொம்மையும் ஆளும் ஒத்திருக்க வேண்டும்."

"இரண்டில் எதைத் திருத்த வேண்டும் என்று சொன்னீர்களா?"

அரசன் யோசித்தான். "சொல்லவில்லை."

"நல்லது." மருதப்பன் இருப்பதிலேயே அகலமான உளியை எடுத்தான். கொட்டாப்புளியையும் எடுத்தான். அமைச்சரிடம் போய் அவர் வயிற்றில் கரியால் ஒரு கோடு இழுத்தான். "பொம்மை குறைந்துவிட்டது, அதில் கூட்ட வழியில்லை. இங்கே கூடியிருக்கிறது, குறைத்துவிடலாம். இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல். ஆடாமல் நில்லுங்கள் ஐயா, ஆடினால் வேலை சுத்தமாக வராது."

"டேய்! கிட்ட வராதே!"

"இழைப்புளியும் கொண்டு வந்திருக்கிறேன். கடைசியில் வழவழவென்று ஆக்கிவிடுவேன்."

கொட்டாப்புளி ஓங்கியது. அமைச்சர், தாங்க வந்த இருவரையும் தள்ளிவிட்டு, அரியணைக்குப் பின்னால் பாய்ந்தார்.

"அரசே, காப்பாற்றுங்கள்! இது என் வயிறே இல்லை! முப்பது நாளாகத் தின்று வளர்த்தது! இன்று காலை மட்டும் நாற்பது அதிரசம்!"

"எதற்காக அய்யா அவ்வளவு?"

"அவன் மூக்குக்காக!" என்று சொல்லிவிட்டு அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அரசன் சிரித்த சிரிப்பில் மகுடம் கழன்று மடியில் விழுந்தது. தன் தோள்வளையைக் கழற்றி மருதப்பன் கையில் மாட்டினான். "உன் பொம்மை சரி, ஆள்தான் பிசகு. அமைச்சர் வயிறு பொம்மை அளவுக்கு இறங்கும்வரை அவருக்குக் கஞ்சி. அவர் வீட்டு விருந்து உன் வீட்டுக்கு வரும். இறங்கிவிட்டதா என்று நீயே அளந்து சொல்!"

மருதப்பன் கடமை தவறாதவன். மாலைதோறும் நூலோடு போவான், சுற்றிப் பார்ப்பான், வருத்தமாகத் தலையசைப்பான்.

"இன்னும் ஒரு விரல் இருக்கிறது ஐயா."

அமைச்சர் வேட்டி இடுப்பில் நிற்காத நிலைக்கு வந்த பிறகும் அந்த ஒரு விரல் மட்டும் குறையவே இல்லையாம். அமைச்சர் வீட்டிலிருந்து வந்து, செண்பகவல்லி இலையில் வைக்கும் நெய்ச்சோறு அப்படி.