குறுக்கே போனவர்கள்

ஆவாரங்காட்டு ஏரிக்கரையில் செங்கண்ணி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அங்கே ஓர் எறும்புகூடத் திரும்பிப் படுக்க முடியாது. நரி வந்தால் கத்துவாள். நாகம் வந்தால் கத்துவாள். ஒன்றும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கத்துவாள். "என் கண்ணுக்குத் தப்பினது எதுவும் இல்லை" என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொள்வாள். அது பெரும்பாலும் உண்மைதான். அதனால் வந்த வினைதான் இந்தக் கதை.

ஏரிக்கும் பரல்மேட்டுக்கும் நடுவே ஒரு பாதை போனது. கிழக்கே புல்வெளி, மேற்கே உப்புமண் பள்ளம். புல் தின்றவர்கள் உப்பு நக்கப் போக அந்த ஒரு பாதைதான் உண்டு. காட்டெருமைகளும் மான்களும் பன்றிகளும் முயல்களும் அதில்தான் போய்வந்தன. பாதை நேராக இருக்காது. ஒரு புற்றைச் சுற்றிக்கொண்டு போகும். ஓர் ஆலவேரின் மேல் ஏறி இறங்கும். ஒரு காரைப் புதரைக் கண்டு ஒதுங்கும். அதில் யாராலும் ஓட முடியாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு, கொஞ்சம் திட்டிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் புற்றுத் திருப்பத்தில் ஒரு மானின் குளம்பு பட்டு ஒரு முயலுக்குப் பின்னங்கால் முறிந்தது. முயல்கள் ஒப்பாரி வைத்தன. காட்டெருமைத் தலைவன் கருமலையான் முள்ளம்பன்றி முள்ளப்பனைக் கூப்பிட்டனுப்பினான். அந்தக் காட்டில் வளை வெட்டவும் வரப்புப் போடவும் முள்ளப்பனை விட்டால் ஆள் கிடையாது.

"ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காம ஒரு பாதை போடு. எல்லாருக்கும் பங்கு இருக்கணும். யாரையும் விட்டுடாதே" என்றான் கருமலையான்.

"போட்டுடலாம் தலைவரே. யார் யார் எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணித் தர ஒரு ஆள் வேணும்."

ஆள் யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. செங்கண்ணி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

முள்ளப்பன் அவளிடம் சொன்னான்: "கிழக்கு முனையில கொஞ்ச நேரம், மேற்கு முனையில கொஞ்ச நேரம். மூணு நாள். உள்ளே வர்றவங்களையும் வெளியே போறவங்களையும் எண்ணு. வேற எதையும் பாக்காதே, குழம்பிடும்."

செங்கண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. காட்டு வேலை! தலைவர் வேலை! மூன்று நாளும் இரண்டு முனைக்கும் பறந்து பறந்து எண்ணினாள். ஒரு முயல்குட்டிகூடத் தவறவில்லை. அவள் சொல்லச் சொல்ல முள்ளப்பன் ஒரு பனைமரத்தின் அடியில் கீறி வைத்தான். காட்டெருமைக்கு ஒரு வரிசைக் கீறல், மானுக்கும் பன்றிக்கும் ஒரு வரிசை, சின்னக்கால்காரர்களுக்கு ஒரு வரிசை.

இரண்டாம் நாள் நடுவழியில் பறக்கும்போது கீழே ஏரியாமை கல்லாயியைப் பார்த்தாள். கல்லாயி ஏரியிலிருந்து ஏறி, பாதையைக் குறுக்கே கடந்து, மேட்டுமண்ணை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். முட்டையிட இடம் தேடுகிறாள் என்று செங்கண்ணிக்குத் தெரிந்தது. அவள் எந்த முனையிலும் இல்லை. அதனால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

நான்காம் நாள் கூட்டம் கூடியது. முள்ளப்பன் தரையில் கோடு போட்டுக் காட்டினான். பாதை இனி நேர்ப்பாதை. மேட்டோரம் சின்னக்கால்களுக்கு ஒரு பங்கு. நடுவில் மானுக்கும் பன்றிக்கும் ஒரு பங்கு. ஏரியோரம் அகலமாகக் காட்டெருமைகளுக்கு. பங்குக்குப் பங்கு எல்லையாகத் தன் முட்களையே பிடுங்கி நட்டுத் தருவதாகச் சொன்னான். புற்றும் வேரும் புதரும் போய்விடும். எல்லோருக்கும் பிடித்திருந்தது. கால் முறிந்த முயல்கூட முறியாத காலால் தரையைத் தட்டியது.

பின்வரிசையிலிருந்து ஒரு மெதுவான குரல் வந்தது. "முள்ளப்பா, நான் எந்தப் பங்குல வரேன்?"

கல்லாயிதான். கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ பாதையில போறவளா அக்கா?"

"போறவ இல்லப்பா. தாண்டுறவ. அந்தப் பக்கம்தானே முட்டையிடுற மண்ணு இருக்கு."

முள்ளப்பன் செங்கண்ணியைத் திரும்பிப் பார்த்தான். "உன் கண்ணுல பட்டாங்களா?"

எல்லாக் கண்களும் செங்கண்ணிமேல். அவள் நிமிர்ந்து நின்றாள். "ரெண்டு முனையிலயும் படலை அண்ணே" என்றாள்.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முள்ளப்பன் தலையாட்டிக்கொண்டான். ஒரு பன்றி உரக்கச் சொன்னது: "ஆமை புகுந்த வீடே உருப்படாதும்பாங்க. ஆமை புகுந்த பாதை உருப்படுமா?" கூட்டம் சிரித்தது. செங்கண்ணியும் சிரித்தாள். கல்லாயி அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பாதை வேலை நடக்கும்போதே கல்லாயி மேட்டுக்கு ஏறிவிட்டாள். குழி தோண்டி, முட்டையிட்டு, மண் மூடி முடிக்க நாலு நாளாயிற்று. அதற்குள் புதுப்பாதை திறந்துவிட்டது.

என்ன வேகம்! முன்பு பொழுது சாயும்வரை நடந்தவர்கள் இப்போது வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தார்கள். புழுதி பனைமர உயரத்துக்கு எழும்பியது. செங்கண்ணி கிழக்கு முனையில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் எண்ணிக் கொடுத்த பாதை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நடுவழியில் கூச்சல் கேட்டது.

கல்லாயி முதல் பங்கைக் கடந்திருந்தாள். இரண்டாவதையும் எப்படியோ கடந்திருந்தாள். மூன்றாவதில் மிதிபட்டுக் கிடந்தாள். இன்னும் நாலடி வைத்திருந்தால் தண்ணீர்.

"நான் என் பங்குல போனேன். அவ என் பங்குல எதுக்கு வந்தா?" என்றான் ஓர் இளம் காட்டெருமை.

முள்ளப்பன் வந்து பார்த்தான். முட்கள் நட்டது நட்டபடி நின்றன. ஆமை காட்டெருமைப் பங்கில்தான் கிடந்தது. தப்பு ஆமையுடையது என்று முடிவாயிற்று. அந்த ஆமையை அன்றே பார்த்தேன் என்று செங்கண்ணிக்கு வாய்வரை வந்தது. இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

ஓடு மட்டும் அந்த இடத்திலேயே ஏரியோரச் சேற்றில் பதிந்து நின்றுவிட்டது. காட்டெருமைகளுக்கு அதில் கால் இடறியது. அதனால் அங்கே வந்ததும் நடையைக் குறைத்து, தரையைப் பார்த்து, விலகிப் போனார்கள். அவர்கள் மெதுவானதும் பக்கத்தில் போன மான்களும் என்னவென்று பார்க்க மெதுவாயின. பத்து நாளில் கீரிகளும் தவளைகளும் முயல்குட்டிகளும் பாதையைக் கடக்க அந்த ஓட்டண்டைக்கே வர ஆரம்பித்தன.

செங்கண்ணி அதையும் பார்த்தாள். பார்க்காமல் எப்படி? ஓட்டுக்கு நேரே மேட்டில்தான் அவளுடைய நாலு முட்டைகளும் பரலோடு பரலாகக் கிடந்தன. இரண்டு கல்லுக்கு நடுவே இருந்தால் முட்டை எது கல் எது என்று நரிக்கே தெரியாது. அவள் வீட்டுக்காரன் அடைகாத்துக்கொண்டிருந்தான்.

"செத்தும் கல்லாயி நல்லது பண்றா, பாத்தியா? அந்த இடத்துல மட்டும்தான் எல்லாரும் ஒழுங்கா நடக்குறாங்க" என்றான் அவன்.

ஒருநாள் கருமலையானே அந்த ஓட்டில் இடறி முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். அவன் கூட்டத்துப் பசுக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாளே முள்ளப்பன் செங்கண்ணியிடம் வந்தான். "ஓட்டால எத்தனை பேருக்குத் தாமதம்னு எண்ணிச் சொல்லு. தலைவர் கேக்கறார்."

எண்ணினாள். நாளைக்கு நாற்பத்தாறு பேர்.

"அங்கே கடக்கிறவங்க எத்தனை பேர்னும் சேர்த்துச் சொல்லிடேன்" என்றான் வீட்டுக்காரன்.

"கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும். கேக்காததைச் சொன்னா அதுக்குப் பேரு எண்ணிக்கை இல்லை, வம்பு."

நாற்பத்தாறு என்று சொன்னாள். பன்றிகள் ஓட்டை முட்டிப் பெயர்த்து மேட்டோரம் தள்ளிவிட்டன.

நாலாம் நாள் காலை முட்டைகள் பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகளுக்குக் கூட்டில் வைத்து ஊட்டுகிற வழக்கமில்லை. பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தன் காலால் நடந்து, தண்ணீரோரம் போய், ஈரமண்ணில் பூச்சி பொறுக்க வேண்டும். மேட்டில் பரல் காய ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் பாதைக்கு அந்தப் பக்கம்.

செங்கண்ணி அந்தப் பாதையை ஆயிரம் தடவை கடந்திருக்கிறாள். ஒரு தடவையும் காலால் கடந்ததில்லை. இப்போது குஞ்சுகளோடு தரையில் நின்று பார்த்தபோது அது ஏரியைவிட அகலமாகத் தெரிந்தது. வழக்கமாகச் சின்னதுகள் கடக்கும் இடத்துக்கே கூட்டிப் போனாள். அங்கே ஓடு இல்லை. அது இல்லையென்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காத்திருந்தாள். வீட்டுக்காரன் மேலே பறந்து பார்த்தான். வழி ஓய்ந்ததும் நடந்தார்கள். முதல் பங்கைத் தாண்டினார்கள். மான்கள் போகும்வரை பதுங்கியிருந்து இரண்டாவதையும் தாண்டினார்கள். மூத்த குஞ்சு முன்னால் ஓடித் தண்ணீரைத் தொட்டுவிட்டது. மற்ற மூன்றும் மூன்றாம் பங்கின் நடுவில் இருக்கும்போது தரை அதிர்ந்தது.

செங்கண்ணி எழும்பினாள். இறக்கையை விரித்துக் காட்டெருமைகளின் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். பழைய பாதையில் அந்தக் கத்தலுக்கு யானையே விலகிப் போயிருக்கும். வாழ்நாளில் அவள் அப்படிக் கத்தியதில்லை.

தாய் கத்தினால் குஞ்சு என்ன செய்யும்? அசையாமல் படுத்துவிடும். அது அவர்கள் குலத்துப் பழக்கம். நரியிடமிருந்தும் பருந்திடமிருந்தும் அவர்களைக் காப்பாற்றி வந்தது அதுதான். மூன்று குஞ்சுகளும் அம்மா சொன்னபடி கேட்டன. பாதை நடுவே மூன்று கூழாங்கற்களாகப் படுத்துக்கொண்டன.

காட்டெருமைகள் போய்விட்டன. புழுதி அடங்க நேரமாயிற்று.

கருமலையான் வெகுதூரம் போய்த்தான் நின்றான். திரும்பி வந்தான். "உன் சத்தம் கேட்டுச்சும்மா. கால்தான் நிக்கலை" என்றான்.

"முன்னெல்லாம் நின்னிருக்குமே" என்றாள் செங்கண்ணி.

"முன்னெல்லாம் புற்று இருந்துச்சு."

முள்ளப்பன் ஓடிவந்தான். தன்மேல் பழி வந்துவிடுமோ என்று அவன் பயந்தது முகத்தில் தெரிந்தது. செங்கண்ணியைப் பனைமரத்தடிக்குக் கூட்டிப்போனான். "நீ குடுத்த எண்ணிக்கைதான் இது. பாரு. குறுக்கே போறவங்கன்னு ஒரு கீறல் உண்டா? இருந்திருந்தா நான் வழி விட்டிருக்க மாட்டேனா?"

செங்கண்ணி மரத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை அவள் எண்ணியவர்கள். எத்தனை சரியாக எண்ணியிருந்தாள்!

"நான் பார்த்தேன் அண்ணே" என்றாள். "ரெண்டாம் நாளே கல்லாயியைப் பார்த்தேன். ஓட்டண்டை கடந்தவங்களையும் பார்த்தேன். நீ கேக்கலை, நான் சொல்லலை."

முள்ளப்பன் மரத்துக் கீறல்களைத் தடவிப் பார்த்தான். அவன் கேட்காததும் உண்மைதானே.

அன்று சாயங்காலம் கருமலையான் தன் கொம்பாலேயே ஓட்டை உருட்டிவந்து பழைய இடத்தில் வைத்தான். முள்ளப்பன் மண்ணை வெட்டி அதைச் சுற்றி மூன்று பங்குக்கும் குறுக்கே ஒரு மேடு போட்டான். புற்று அளவுக்கு உயரம். யாராக இருந்தாலும் அங்கே நடந்துதான் ஏற வேண்டும், நடந்துதான் இறங்க வேண்டும். தாமதம் என்று யாரும் குறை சொல்லவில்லை.

மழைக்கு முந்தின வாரம் பரல்மேட்டு மண் அசைந்தது. கல்லாயியின் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கட்டைவிரல் அகல ஓடுகளோடு பாதைக்கு இறங்கின. கிழக்கிலிருந்து வந்த காட்டெருமைகள் புதுமேட்டருகே நடையைக் குறைத்து, பிறகு நின்றேவிட்டன. குஞ்சுகள் அம்மாவின் ஓட்டை ஒட்டி, அது யாருடையது என்று தெரியாமல், கடந்து போயின. செங்கண்ணி மிஞ்சிய ஒரே குஞ்சோடு பக்கத்தில் நின்று எண்ணினாள்.

முள்ளப்பன் பனைமரத்தடியில் காத்திருந்தான். "எத்தனை?"

"தாண்டினவங்க பதினொண்ணு. தாண்டாதவங்க நாலு, கல்லாயியும் என் மூணு குஞ்சும்" என்றாள் செங்கண்ணி. "ரெண்டையும் கீறி வை அண்ணே."

பாதை போடுகிறவன் அதில் ஓடுகிறவனை எண்ணினால் மட்டும் போதாது. அதைக் கடக்க வேண்டியவனை எண்ணாத பாதை எவ்வளவு நேராக இருந்தாலும் கோணல்தான்.