உள்சுவர் வழியாக

“மூணு நாளு காய்ச்சல்ல கிடந்தேன். ஒரு ஆளு எட்டிப் பாக்கல்ல. நான் ஊருக்குப் போறேன்” என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மை முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஊர்ல யாரு இருக்கா அண்ணாச்சி?”

“யாருமில்ல.”

“சரி.”

ஆவுடையப்பனுக்கு அறுபத்துமூன்று வயது. உலகம்மைக்கு நாற்பத்துநான்கு. தன்னைவிடச் சின்னவரைக் குருவாக ஏற்று, மலையடிவாரத்து மடத்துக்கு அவர் வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

மடம் என்றால் ஒரே வரிசையில் நாலு அறை, பின்னால் ஓர் அடுப்படி. வடக்குக் கோடி அறை ஆவுடையப்பனுக்கு. அடுத்தது பிச்சையாவுக்கு. அதற்கடுத்தது காலி. தெற்குக் கோடியில் உலகம்மை. விடியற்காலையில் மூன்று பேரும் ஒரு மணி நேரம் தியானத்தில் சேர்ந்து உட்காருவார்கள். பிறகு அவரவர் கஞ்சி, அவரவர் கதவு.

“ஊர்ல என்ன தொழில் பாத்தீங்க?” என்று உலகம்மை கேட்டார்.

“வயரிங். நாப்பது வருசம்.”

“போறதுக்கு முன்னால ஒரு வேலை செஞ்சு தாங்க. என் அறைக்கும் உங்க அறைக்கும் நடுவுல ஒரு அழைப்பு மணி வேணும்.”

ஆவுடையப்பன் உலகம்மையின் இடது கையைப் பார்த்தார். போன மாதம் குளிக்கப் போன இடத்தில் தலைசுற்றி விழுந்ததில் மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்தது.

“நான்தான் போறேனே. மணி அடிச்சா யாரு வருவா?”

“உங்க அறைக்கு வேற யாராவது வருவாங்கள்லா.”

ஆவுடையப்பன் எழுந்துபோய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

*

பழைய சுண்ணாம்புச் சுவர். வெட்டி உள்ளே குழாய் பதித்தால் காரை மொத்தமாகக் கொட்டும். சுவர் மேலேயே பிளாஸ்டிக் பட்டி அடித்து, அதற்குள் வயரைக் கொண்டுபோக வேண்டும்.

“வெளித் தாழ்வாரத்துச் சுவரோட போயிருதேன். ஒரே நேர்கோடு. அரை நாள் வேலை” என்றார்.

“மழைச் சாரல் அடிக்கும். உள்சுவர் வழியா வாங்க.”

“மூணு சுவரைத் துளைக்கணும். பிச்சையா அறைக்குள்ள போகணும். காலி அறைக்குள்ள போகணும்.”

“ஆமா” என்றார் உலகம்மை.

*

அம்பை டவுனில் ஒரு கடையில் இரண்டு வகைப் பட்டி காட்டினார்கள். ஒன்று, முதுகில் பசை தடவியது; தாளை உரித்து ஒட்டிவிடலாம். இன்னொன்று, சுவரில் திருகி முடுக்கி, மேலே தனி மூடி போடுவது.

ஆவுடையப்பன் பசைப் பட்டியை வாங்கிவந்தார்.

தன் அறையில் முதல் நீளத்தை ஒட்டினார். நேராக இருந்தது. உலகம்மை வந்து பார்த்தார். ஒற்றை விரலைப் பட்டிக்கு அடியில் கொடுத்து இழுத்தார்.

பட்டி முழுசாக வந்துவிட்டது. பின்னால் சுண்ணாம்பும் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. சுண்ணாம்பில் பசை நிற்காது என்று அவருக்குத் தெரியாதா?

“இது போறவரு ஒட்டினது” என்று சொல்லிவிட்டு உலகம்மை போய்விட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மறுபடி அம்பைக்குப் போனார். ஓர் அங்குல அகலத்தில் தடிமனான பட்டி, மூடி, பிளக், திருகு எல்லாம் வாங்கினார். ஊரில் பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்குப் போய், டிரில்லிங் மெஷினையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டார். வீட்டில் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

*

அவர் அறையில் வேலை ஒரு காலையில் முடிந்தது. ஒன்றரை அடிக்கு ஒரு துளை. துளைக்குள் பிளக். பிளக்கில் திருகு. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

சுவரைத் துளைத்தபோது அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

பதினோரு மாதத்தில் முதல்முறையாக ஆவுடையப்பன் பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

பிச்சையா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டில் மேல் உதிர்ந்திருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க. இந்தப் படத்தைக் கழட்டணுமா?”

“வேண்டாம். அதுக்கு மேல கொண்டுபோயிருதேன். நேர்கோடு போட நூல் பிடிக்க மட்டும் ஒரு கை வேணும்.”

பிச்சையா நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். இருவரும் எதிரெதிர் மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

“காய்ச்சல் விட்டுருச்சா?” என்று கேட்டார் பிச்சையா.

ஆவுடையப்பன் நூலைத் தளரவிட்டார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தானே இருமுனீங்க. விடிய விடிய கேட்டுது. மூணு நாளும் கஞ்சி கொண்டாந்து வாசல்ல வச்சேன். தட்டுனேன். நீங்க உள்தாழ்ப்பா போட்டிருந்தீங்க.”

“நான் கேக்கல்லையே.”

“தூங்குதீங்கன்னு நெனச்சேன். எழுப்பினா கோவிச்சுக்கிடுவீங்களோன்னு இருந்துது.”

“கஞ்சி?”

“சாயங்காலம் எடுத்து மாட்டுத் தொட்டியில ஊத்திட்டேன்.” பிச்சையா கொஞ்சம் தயங்கினார். “நூலை இழுத்துப் பிடிங்க. கை வலிக்கு.”

ஆவுடையப்பன் நூலை இழுத்துப் பிடித்தார். கோடு போட்டு முடிக்கும்வரை தளரவிடவில்லை.

*

காலி அறையில் ஒரு கோரைப்பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. வேறொன்றும் இல்லை. மெஷினை நிறுத்தினால், தன் மூச்சுதான் அவருக்குக் கேட்டது.

இந்த மாதிரிச் சத்தமில்லாமையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

உலகம்மை ஒரு செம்பு மோரோடு வந்தார். ஆவுடையப்பன் வாங்கிக் குடித்தார். கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

“என் வீட்டுக்காரி செண்பகம் இருந்த வரைக்கும் நான் அவளைக் கூப்பிட்டதே இல்லம்மா. தண்ணி வேணும்னு நெனைப்பேன், கொண்டுட்டு வந்து நிப்பா. முதுகு வலிக்குன்னு சொல்லவே மாட்டேன், எண்ணெயை எடுத்துட்டு வருவா. முப்பத்துநாலு வருசம். அவ போன பெறகு ஒரு நாளு, பால்காரன்ட்ட ‘இனி அரை லிட்டர் போதும்’னு சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரல்ல. அப்பதான் எண்ணிப் பாத்தேன். நான் பேசி ஒம்பது நாளு ஆகியிருந்துது.”

உலகம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க வந்தா மனசு அடங்கும்னு நெனச்சேன். அங்க ஒரு வீட்டுல தனியா இருந்தேன். இங்க ஒரு அறையில தனியா இருக்கேன். இதுக்கு என்ன வழி? சொல்லுங்க.”

உலகம்மை காலிச் செம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“இந்த மூலையில பட்டி சேரல்ல. இடைவெளி தெரியுது” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. பட்டியைக் கழற்றினார். இரண்டு முனையையும் சாய்வாக அறுத்து, அரம் போட்டுத் தேய்த்து, மறுபடி பொருத்தினார். இடைவெளி மறைய மாலையாகிவிட்டது.

*

ஐந்தாம் நாள் மதியம் எல்லாம் முடிந்தது. வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி வரை ஒரே மட்டத்தில் வெள்ளைப் பட்டி ஓடியது. உலகம்மையின் பாய்க்குப் பக்கத்தில், படுத்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் சுவிட்ச். தன் அறையில் கட்டில் தலைமாட்டில் மணி.

ஆவுடையப்பன் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்.

“அழுத்திப் பாருங்க. சரியா இருந்தா கிளம்பிருதேன்.”

உலகம்மை சுவிட்சைப் பார்த்தார். அழுத்தவில்லை.

“இடம் மாறியிருக்கு அண்ணாச்சி.”

“என்ன மாறியிருக்கு?”

“சுவிட்ச் உங்க அறையில வரணும். மணி இங்க வரணும்.”

ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை.

“விழுந்தது நீங்கதானேம்மா?”

“நான் விழுந்தா கத்துவேன். நூல் மில்லுல பதினெட்டு வருசம் மெஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசுனவ. அன்னைக்கு நான் கத்தினது கேட்டு ரெண்டு பேரும் ஓடி வந்தீங்கள்லா?”

ஓடி வந்தார்கள். ஆவுடையப்பன்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, திருப்புளியை எடுத்தார்.

பட்டியைத் தொட வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஓடிய வயர் அப்படியே இருந்தது. இரண்டு முனையில் மட்டும் மாற்றிக் கொடுத்தார். மணி தெற்குக்குப் போனது. சுவிட்ச் வடக்குக்கு வந்தது.

கரண்டைப் போட்டுவிட்டுத் தன் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

சுவிட்ச் தலைமாட்டில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சின்ன வெள்ளைப் பொத்தான். ஊரில் எத்தனையோ வீட்டு வாசலில் அந்த மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். மணி அடிக்கும். அந்த வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இதையும் அழுத்திப் பார்க்க வேண்டும். அதுதான் தொழில் முறை.

கையைக் கொண்டுபோனார். திரும்ப எடுத்துக்கொண்டார்.

என்னவென்று கேட்டால் என்ன சொல்வது? காய்ச்சல் இல்லை. பசி இல்லை. எதுவும் தேவையில்லை. தேவையில்லாமல் ஒரு மனுஷியை அத்தனை தூரம் நடக்கவைக்கலாமா?

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிக் கட்டில் காலுக்கு வந்தது. கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. பஸ் நின்றது. போனது.

ஆவுடையப்பன் பொத்தானை அழுத்தினார்.

இங்கே ஒன்றும் கேட்கவில்லை. மூன்று சுவருக்கு அப்பால் மணி அடித்ததா, இல்லையா? வயர் எங்காவது விட்டுப்போயிருக்குமோ? எழுந்திருக்கப் பார்த்தார்.

ஒரு கதவு திறந்தது. தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் வந்தது.

உலகம்மை வாசலில் நின்றார். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது.

“என்ன அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். சும்மா சோதித்துப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். சொல்லவில்லை.

“ஒண்ணுமில்லம்மா” என்றார்.

“சரி” என்று சொல்லிவிட்டு உலகம்மை உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

அடுத்த அறைக் கதவும் திறந்தது. பிச்சையா தலையை நீட்டினார்.

“மணிச் சத்தம் கேட்டுதே. என்னவாம்?”

“ஒண்ணுமில்லையாம்” என்றார் உலகம்மை.

“அப்படியா” என்று சொல்லிக்கொண்டே, பிச்சையா வாசலில் கிடந்த பையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உள்ளே வந்தார்.