எந்த ரவுட்டரை அணைப்பது?

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லு. அங்கே நெட்வொர்க் வேலை பழக வந்த குணவதி, ஆபீசின் பழைய கணினியில் ரவுட்டர் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை ஏற்றிப் பரீட்சைக்குப் பயிற்சி எடுத்தாள். வேறு கணினி அவளுக்குக் கிடையாது. மேலாளர் ஜெகநாதன் அதைப் பார்த்துவிட்டார்.

"பொம்மை ரவுட்டரை வச்சு விளையாடறியா? நிஜம்னு என்னையே நம்ப வை பார்ப்போம். முடியாட்டி இப்பவே அழிச்சிரு!"

குணவதி திரையை இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு ரவுட்டராகத் திறந்தாள். "இதுல எதுங்க சார் பொம்மை?"

அவர் இரண்டிலும் கட்டளைகளைத் தட்டோ தட்டென்று தட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி பதில் சொல்லின. ஆபீசே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறதே! "இடது பக்கம் இருக்கறதுதான்," என்றார் மிடுக்காக.

"அப்ப நீங்களே அதை அணைச்சிருங்க சார். ஒருவேளை அது நிஜமா இருந்தா, மில்லு முழுக்க நெட் நின்னுபோயிருமுங்க."

நீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றது.

"வேண்டாம்மா, சந்தேகமாத்தான் இருக்குது. நீ வச்சே பழகிக்கோ."

குணவதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்ப வலது பக்கம்தான் பொம்மையா?" என்றார் அவர்.

"ரெண்டுமே பொம்மைங்க சார். மில்லு ரவுட்டரை வச்சுப் பந்தயம் கட்டுவனுங்களா?"

ஜெகநாதன் நெஞ்சைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லவேளை!" என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.